இஞ்சுக்கு ஒரு அடி

இந்தத் தை மாதம் அண்ணன் மகள் கல்யாணத்துக்காக மூன்று வாரம் திருச்சியில் இருந்தேன். இரண்டு வயதில் போலியோ வந்தது. நாற்பது வயது வரை காலிபர் (காலில் கட்டும் தாங்கி) போட்டு நடந்தேன். இப்போது பத்து வருஷமாகச் சக்கர நாற்காலி. இங்கிலாந்தில் லெஸ்டரில் வேலை. ஒவ்வொரு முறையும் ஊருக்குப் போய்விட்டு வந்து மனசுக்குள் புழுங்குவதோடு சரி. இந்த முறை தச்சர்கள் வைத்திருக்கும் இழுப்பு டேப் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். போன இடமெல்லாம் படியையும் கதவையும் அளந்தேன்.

அண்ணன் வீடு இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. அதனால் ஓட்டலில் அறை எடுத்தோம். முன்பே போன் போட்டு “ரேம்ப் இருக்கா?” என்று கேட்டிருந்தேன். “இருக்கு மேடம்” என்றார்கள். பொய் இல்லை, இருந்தது. ஆனால் பெட்டிகளை இழுத்துப் போவதற்காகப் போட்டது. வாசலில் மூன்று படி, மொத்த உயரம் 18 இஞ்ச். சரிவின் நீளம் 6 அடி. மேலே வழவழவென்று கிரானைட் கல். ஏறும்போது பின்னால் ஒருவர் தாங்கிப் பிடிக்காவிட்டால் நாற்காலி மல்லாந்துவிடும்.

சரிவுக்குக் கணக்கு ரொம்பச் சுலபம். இந்தியாவிலும் பிரிட்டனிலும் விதிப்புத்தகங்கள் ஒன்றுக்குப் பன்னிரண்டைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்கின்றன. நம்ம கொத்தனார் பாஷையில் சொன்னால் ஒரு இஞ்ச் உயரத்துக்குக் குறைந்தது ஒரு அடி நீளம். 18 இஞ்ச் ஏறக் குறைந்தது 18 அடி வேண்டும். வாசலில் அவ்வளவு இடம் இல்லையென்றால் சரிவைத் திருப்பி மடக்கிப் போடலாம்.

அறைக்குப் போன பிறகுதான் பெரிய சிக்கல். என் நாற்காலியின் அகலம் 25 இஞ்ச். பாத்ரூம் கதவு ரெண்டரை அடி என்றார் மேனேஜர். அவர் சொன்னதும் சரிதான். ஆனால் அந்த ரெண்டரை அடி நிலையோடு சேர்த்து. நிலைக்கட்டை பக்கத்துக்கு 3 இஞ்ச் போனால் உள்ளே மிஞ்சுவது 24. ஒரே ஒரு இஞ்சில் நான் வெளியே நின்றேன். கீழே தண்ணீர் தாண்டாமல் இருக்க 4 இஞ்ச் மேடு வேறு. பிளாஸ்டிக் நாற்காலியை உள்ளே போட்டு, அண்ணி கையைப் பிடித்து அதற்கு மாறி, அப்படித்தான் மூன்று வாரமும் குளித்தேன். அண்ணி முகம் சுளிக்கவே இல்லை. ஆனால் ஐம்பது வயதில் ஒவ்வொரு முறை பாத்ரூம் போகவும் இன்னொருவரை எழுப்ப வேண்டியிருப்பது எனக்கு வலித்தது.

முகூர்த்தப் புடவை எடுக்க என்.எஸ்.பி. ரோட்டுப் பக்கம் போனோம். பெரிய கடை, வாசலில் ஐந்து படி. கார் நின்றதுமே காவலாளிகள் நாலு பேர் ஓடி வந்தார்கள். “அம்மா, கவலைப்படாதீங்க, அப்படியே தூக்கிடறோம்.” அவர்கள் மனசு தங்கம், அதில் சந்தேகமே இல்லை. நம்ம ஊரில் எங்கே போனாலும் தூக்கிவிட நாலு கை உடனே வரும். லெஸ்டரில் வராது. ஆனால் முன்பின் தெரியாத நாலு ஆண்கள் நடுத்தெருவில் என்னைத் தூக்க, புடவை எங்கே விலகுகிறது என்று பார்க்கக்கூட முடியாமல் அந்தரத்தில் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் எத்தனையோ முறை அப்படிப் போயிருக்கிறேன். வேண்டாம் என்றேன். உடனே புடவைகளைக் காருக்கே கொண்டுவந்து காட்டினார்கள். மாம்பழ மஞ்சளும் மயில் கழுத்து நிறமும் காருக்குள் இருட்டில் ஒன்றுபோலத் தெரிந்தன. “அத்தை, நீங்க உள்ள வராம நான் எடுக்க மாட்டேன்” என்று அண்ணன் மகள் அழுதுவிட்டாள். வேறு கடைக்குப் போனோம்.

கிளம்பும்போது கடை மேலாளர் சொன்னார்: “எங்க கடைக்கு இந்த மாதிரி யாரும் வர்றதில்லைம்மா, அதான் போடலை.” ஐந்து படி வைத்த கடைக்கு எப்படி வருவார்கள்? வரவில்லை என்பதைக் காரணமாகச் சொல்லவே கூடாது. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு அலுவலகத்துக்கு மட்டும் போட்டதல்ல. பொதுமக்களுக்குச் சேவை தருகிற தனியாருக்கும் அது பொருந்தும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் வழிகாட்டுதலாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இங்கிலாந்திலும் இது தானாக வந்துவிடவில்லை. கடைகளும் ஓட்டல்களும் கட்டடத் தடைகளைச் சரிசெய்ய வேண்டும் என்ற கடமை 2004 அக்டோபரில்தான் அமலுக்கு வந்தது. படியை இடிக்க முடியாத பழைய கடைகளில் கை எட்டும் உயரத்தில் ஒரு மணி இருக்கும். அழுத்தினால் மடக்குச் சரிவை எடுத்துவந்து போடுவார்கள். லண்டன் பாதாள ரயிலில் இன்றைக்கும் மூன்றில் ஒரு பங்கு நிலையங்களில்தான் படியில்லாமல் போக முடியும். ஆனால் சென்னை மெட்ரோவில் நான் யார் உதவியும் இல்லாமல் லிஃப்டில் இறங்கி, ரயிலுக்குள் நேராக உருட்டிக்கொண்டு போனேன். மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டிருக்கிறார்கள். 2022 நவம்பரில் திறந்து, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, மறுபடி சரிசெய்தது. அலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிறந்ததிலிருந்து எத்தனை முறை மெரினா போயிருப்பேன், கடலை ரோட்டில் இருந்துதான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எழுந்துவர மனசே இல்லை.

கல்யாண மண்டபத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. மணமேடை தரைத்தளத்தில், சாப்பாடு அதற்கும் கீழே பேஸ்மென்டில், எனக்கேற்ற கழிப்பறை எங்குமே இல்லை. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். என்னைப் போன்றவர்கள் விசேஷங்களுக்கு அப்படித்தான் போகிறோம், வெளியே சொல்வதில்லை.

சீர் வாங்கப் போன பாத்திரக்கடையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சின்னக் கடை, 6 இஞ்சில் ஒரே ஒரு படி. கடைக்காரர் அண்டா இறக்குகிற பலகையைப் போட்டுப் பார்த்தார், வளைந்தது. “அக்கா, எவ்வளவு நீளம் வேணும்?” என்று கேட்டார். இஞ்சுக்கு ஒரு அடி என்றேன். பக்கத்து வெல்டிங் பட்டறையில் சொல்லி, வழுக்காத செக்கர்டு ஷீட்டில் 6 அடிக்கு ஒன்று செய்துவைத்துவிட்டார். நாலாம் நாள் போனபோது நானே உருட்டிக்கொண்டு உள்ளே போய், குத்துவிளக்கு ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து வாங்கினேன். அந்தத் தகட்டை அவர் ராத்திரி எடுத்து உள்ளே வைத்து, காலையில் திரும்பப் போடுகிறார்.

இனிமேல் போனில் “ரேம்ப் இருக்கா?” என்று நான் கேட்பதாக இல்லை. ரோட்டிலிருந்து அறை வரை எத்தனை படி, நிலைக்கு உள்ளே பாத்ரூம் கதவு எத்தனை இஞ்ச், டேப் வைத்து அளந்து வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புவீர்களா என்றுதான் கேட்பேன். பெற்றவர்களைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களும் இப்படியே கேளுங்கள்.

அறையைக் காலி செய்த அன்று, ஓட்டல் மேனேஜர் என் அளவுகளை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். போன வாரம் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. தரைத்தளத்து அறையில் நிலையைப் பெயர்த்துப் புதுக்கதவு போட்டிருக்கிறார்கள். குறுக்கே பிடித்த டேப்பில் 34 இஞ்ச். கீழே அந்த 4 இஞ்ச் மேடு அப்படியே இருந்தது. கேட்டேன். அதை உடைத்தால் தண்ணீர் அறைக்குள் வந்துவிடும் என்கிறாராம் கொத்தனார். கதவை ஒட்டி உள்பக்கம் தண்ணீர் வடிய நீளமாக ஒரு ஜாலி வைத்து, தரைச் சரிவை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லி, படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன்.