எம்-பஸ் தண்ணீர் மீட்டர்கள்: மூன்று ஆண்டு அனுபவம்

பினாங்கு ஜெலுத்தோங்கில் 22 மாடி அடுக்குமாடி ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். மாடிக்கு எட்டு வீடு, மொத்தம் 176 தண்ணீர் மீட்டர்கள். எல்லாம் எம்-பஸ் கம்பியில் கோத்தவை. பஸ் என்றதும் கொம்தார் பேருந்து நிறுத்தத்தை நினைக்க வேண்டாம். இது அளவுகளைச் சுமந்து வரும் கம்பிப் பாதை. மூன்று ஆண்டுகள் மல்லுக்கட்டிய பிறகு சொல்கிறேன்: மீட்டர்கள் நல்லவை, கம்பி வேலைதான் ஆளை வாட்டுகிறது. அதற்குக் காரணம் இந்த முறையின் பெருந்தன்மைதான்.

இரண்டே கம்பி. எதை எந்த முனையில் மாட்டினாலும் மீட்டர் ஏற்றுக்கொள்ளும். ஆர்எஸ்-485 என்ற இன்னொரு கம்பி முறை போல ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கோக்க வேண்டும், கடைசியில் 120 ஓம் மின்தடை போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; மரம் போலக் கிளை பிரித்துக்கொள்ளலாம். கம்பி இழுப்பவர்களுக்குக் கொண்டாட்டம். எப்படி முறுக்கி வைத்தாலும் ஒப்படைக்கும் நாளன்று எல்லா மீட்டரும் பதில் சொல்லிவிடும். வட்டி பின்னால் வரும், கட்டுவது நாம்.

எங்களுக்கு அது 13-ஆம் மாடியில் தொடங்கியது. ஒரு பாட்டி நிர்வாக அலுவலகத்துக்கே வந்து, "தம்பி, போன மாதம் முழுக்க ஈப்போவில் மகள் வீட்டில் இருந்தேன். தண்ணீர் பில் மட்டும் எப்படி மாறாமல் வருகிறது?" என்று கேட்டார். மீட்டர் பதில் தராததால் பழைய சராசரியைப் போட்டிருந்தார்கள். பார்த்தால், மேல் பத்து மாடிகளும் ஒரு நாள் பேசுகின்றன, மறுநாள் ஊமை. மீட்டர் செத்தாலும் கம்பி அறுந்தாலும் மீட்டரைக் கூப்பிடும் எண்ணான முகவரி தவறினாலும் மென்பொருள் காட்டுவது 'பதில் இல்லை' என்ற ஒரே வரிதான். நிறுவியவர்கள் மீட்டரை மாற்றச் சொன்னார்கள். நான்கை மாற்றினோம். தண்டச் செலவு.

பிறகுதான் மல்டிமீட்டரைக் கையில் எடுத்தேன். கீழே, எல்லா மீட்டரையும் கூப்பிட்டு அளவு கேட்கும் மாஸ்டர் கருவி 36 வோல்ட் கொடுக்கிறது. பேசும்போது அதை 12 வோல்ட் இறக்கி ஏற்றிச் செய்தி அனுப்புகிறது. மீட்டர் தன் பதிலை மின்னோட்டத்தில் சொல்கிறது: 11 முதல் 20 மில்லியாம்பியர் வரை கூடுதலாக இழுத்துக் காட்டும். சும்மா இருக்கும்போது ஒரு மீட்டர் அதிகபட்சம் 1.5 மில்லியாம்பியர்தான் இழுக்க வேண்டும். 176 மீட்டருக்கு 264. கம்பிகள் மாடி மாடியாக மேலேறும் ரைசர் அறைக் கதவின் உள்பக்கம் இந்த எண்ணை மார்க்கரால் எழுதி வைத்தேன். வெகுவாகக் குறைந்தால் ஏதோ ஒரு கிளை அறுந்திருக்கிறது. கூடினால் எங்கோ கசிகிறது.

அன்று 261 காட்டியது. அறுந்ததும் இல்லை, கசிவும் இல்லை. மாடி மாடியாக ஏறி வோல்ட் பார்த்தேன். 12-ஆம் மாடி ஜங்ஷன் பாக்ஸுக்குள் நுழையும் கம்பியில் 35, மேலே போகும் கம்பியில் 22. ஒரே ஸ்க்ரூ 13 வோல்ட்டை விழுங்கியிருந்தது! கழற்றினால், செம்பைப் பிடிக்க வேண்டிய ஸ்க்ரூ பிளாஸ்டிக் உறையைப் பிடித்திருந்தது. ஓரத்தில் மயிரிழை அளவே செம்பு தொட்டுக்கொண்டிருந்தது. அதன் வழியாக மேலே உள்ள 80 மீட்டர்களின் 120 மில்லியாம்பியரும் போக வேண்டும். மாஸ்டர் பேசும்போது 22-லிருந்து 12 இறங்கினால் மீதி 10. மீட்டருக்குக் காது கேட்க 12 வோல்ட்டாவது வேண்டும். சரிசெய்ய ஐந்து நிமிடம், கண்டுபிடிக்க இரண்டு மாதம்.

கசிவு அடுத்த மழைக்காலத்தில் வந்தது. 310 மில்லியாம்பியர். பாதி மாடிகளைக் கழற்றிப் பார், மீதியில் பாதியைக் கழற்றிப் பார் என்று ஐந்தே முறையில் மாடி சிக்கியது. கடற்காற்றும் ஈரமும் சேர்ந்து முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. இரண்டு கம்பியும் நேராக ஒட்டிக்கொள்ளும் முழு ஷார்ட் ஒரு முறைதான். யாரோ வீட்டைப் புதுப்பிக்கையில் கேபிளைத் துளைத்துவிட்டார்கள். கட்டடம் முழுக்க மௌனம். மூன்றில் நேர்மையான பழுது அதுதான், ஒளிந்து விளையாடவில்லை.

கம்பியைக் குற்றம் சொல்லும் முன் முகவரியையும் பாருங்கள். புது மீட்டர் பெரும்பாலும் 0 என்ற முகவரியோடு வரும். இரண்டை அப்படியே மாட்டினால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி, கிடைப்பது குப்பை. நாங்கள் மாற்றிய நான்கில் இரண்டு அப்படித்தான் புதிய தலைவலி கொடுத்தன. இப்போது எட்டு இலக்க அடையாள எண்ணால்தான் கூப்பிடுகிறோம்.

இன்னொன்று. எங்கள் வயர்மேன் ஒருநாள், கம்பி உறையைச் சோதிக்க 500 வோல்ட் செலுத்தும் இன்சுலேஷன் டெஸ்டரை இந்தக் கம்பியில் வைக்கப் போனார். "அண்ணே, நிறுத்துங்கள்!" என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். மீட்டர்களைக் கழற்றாமல் அதைச் செய்தால் அத்தனையும் போயிருக்கும்.

மறுபடி வாங்குவேனா? வாங்குவேன். ஆனால் மாடிக்கு ஒரு துண்டிக்கும் முனை இல்லாமல், மாடிவாரியான வோல்ட் அளவு எழுதித் தராமல் கையெழுத்துப் போட மாட்டேன். போன மாதம் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் கதவில் இருந்த 264-ஐ அழித்துவிட்டார்கள். காய்ந்த மறுநாளே திரும்ப எழுதினேன், இந்த முறை கொஞ்சம் பெரிதாக.