முற்றத்துக் கொசுவுக்கு எது சரி: புகையா, மீனா, மூடியா?

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாசல் திண்ணையில் உட்காரவே முடியாது என்ற நிலை வந்தபோது, நாங்கள் முதலில் கூப்பிட்டது புகை அடிக்கும் ஆளைத்தான். சென்னைப் புறநகரில் தனி வீடு. பின்னால் கிணறு, பக்கத்தில் சம்ப், வாழை, நாலைந்து பூந்தொட்டி, ஓர் அல்லித் தொட்டி. அவர் வந்து தோட்டம் முழுக்க வெள்ளைப் புகை விட்டார், டீசல் நாற்றம் அடுத்த தெரு வரை போனது. அன்று இரவு ஒரு கொசு இல்லை. மூன்றாம் நாளே பழைய கச்சேரி தொடங்கிவிட்டது. ஏமாற்றிவிட்டார் என்று திட்டினோம். கொஞ்சம் படித்த பிறகுதான் அவர் மேல் குற்றமே இல்லை என்று தெரிந்தது.

புகை கொல்வது அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டுமே. இலைக்கு அடியில் ஒண்டியிருப்பது தப்பித்துவிடும். தண்ணீரில் நெளியும் புழுவுக்கோ புகை வந்ததே தெரியாது. நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். அதாவது தினமும் ஒரு புது ஈடு கிளம்பிக்கொண்டே இருக்கும். தெருவில் டெங்கு வந்துவிட்டால் கிருமி ஏறிய கொசுவை உடனே ஒழிக்க மாநகராட்சி புகை அடிப்பதில் அர்த்தம் இருக்கிறது. வீட்டுக்காரர் மாதாமாதம் காசு கொடுத்து அடிப்பதில் இல்லை.

அப்புறம்தான் எந்தக் கொசு, எந்தத் தண்ணீர் என்று பார்க்க ஆரம்பித்தோம். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரை மொண்டு பாருங்கள். புழு நீர்மட்டத்துக்குக் கிடையாகப் படுத்திருந்தால் மலேரியா பரப்பும் அனோஃபிலஸ். இதில் நகரத்து வகை, கிணற்றையும் மொட்டைமாடித் தொட்டியையும் தேடி வருவது. தலைகீழாகத் தொங்கினால் ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். நல்ல தண்ணீரில் இருந்து, பகலில் கணுக்காலைப் பதம் பார்த்து, காலில் வெள்ளை வரி இருந்தால் அது டெங்குக் கொசு ஏடிஸ். சாக்கடை, செப்டிக் டேங்க் பக்கம் பிறந்து ராத்திரி காதோரம் பாடுவது கியூலெக்ஸ். யானைக்கால் நோய் பரப்புவது இதுதான். ஏடிஸ் அதிக தூரம் பறக்காது. பகலில் கடி வாங்கினால் அது பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பிறந்ததாகத்தான் இருக்கும். எதிர் வீட்டைக் கைகாட்டும் முன் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

கவிழ்க்க முடிந்த தண்ணீருக்கு மருந்து, மீன் எதுவும் தேவையில்லை. கொட்டாங்குச்சி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, மழையில் கிடக்கும் ஆட்டுக்கல் எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை காலி செய்தால் போதும். ஆனால் கொட்டினால் மட்டும் வேலை முடியாது. ஏடிஸ் முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில். அந்த முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடந்து, அடுத்த மழையில் நனைந்ததும் பொரியும். அதனால் தேங்காய் நாரை வைத்து உள்பக்கத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். இந்தத் தேய்ப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

சம்ப்பையும் மாடித் தொட்டியையும் கவிழ்க்க முடியாது. இங்கே போட்டி மூடிக்கும் அபேட் மருந்துக்கும். அபேட் என்பது டெமிஃபாஸ் என்னும் புழுக்கொல்லி. ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிராம் மருந்து என்ற அளவில் குடிநீரிலும் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தொட்டி நாளுக்கு இரண்டு முறை காலியாகி நிரம்பும் வீட்டில் மருந்து எவ்வளவு நாள் நிற்கும்? தவிர, பல நாடுகளில் ஏடிஸ் இதற்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்டுவிட்டது. என் ஓட்டு மூடிக்குத்தான். வெயிலில் விரிசல் விட்ட மூடியை மாற்றுங்கள். தண்ணீர் வழிந்து போகும் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்கும் நைலான் வலை கட்டுங்கள். மூடியை இறுக்கமாகப் போட்டுவிட்டு அந்தக் குழாயைத் திறந்து வைத்திருப்பது, முன்கதவைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து போடுவது போலத்தான். எங்கள் வீட்டில் பல வருடம் அப்படித்தான் இருந்தது.

கிணற்றிலும் அல்லித் தொட்டியிலும் மீனை யாரும் தோற்கடிக்க முடியாது. கம்பூசியாவா, கப்பியா என்பதில்தான் கேள்வி. இரண்டும் குட்டி போடும் மீன்கள், இரண்டும் வெளிநாட்டுச் சரக்கு. கம்பூசியா 1928இல் இத்தாலி வழியாக இந்தியாவுக்கு வந்தது. புழுவைத் தின்பதில் அதுதான் கெட்டி. ஆனால் முரட்டு மீன். மற்ற மீன்களின் முட்டை, குஞ்சு, தவளையின் தலைப்பிரட்டை எதையும் விடாது. கப்பி கொஞ்சம் மெதுவாகத் தின்றாலும் சாதுவானது, கலங்கிய நீரிலும் தாக்குப்பிடிக்கும். வீட்டுக்குக் கப்பியே போதும் என்பேன். பத்து மீன் விட்டோம். மூன்று மாதத்தில் எண்ண முடியவில்லை. இரண்டு எச்சரிக்கை: கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டால் மீன் செத்துப்போகும், பெருகிய மீனைப் பாசத்தோடு ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். நம் குளங்களில் தலையில் வெள்ளிப் பொட்டோடு மேலாக நீந்தும் சின்ன மீன் ஏற்கெனவே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

மீன் வளர்க்க இஷ்டமில்லாதவர்களுக்கு பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுத்தது. புழு தின்றால் அதன் குடல் சிதையும்; மீனுக்கும் மனிதருக்கும் ஆபத்தில்லை. கூட்டுப்புழு எதையும் தின்னாது என்பதால் அதன்மேல் பலிக்காது. வெயிலில் வீரியம் குறையும், சாக்கடை நீரிலும் அவ்வளவாக எடுபடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மறக்காமல் போடுகிறவர் என்றால் வாங்கலாம். நான் மறப்பவன்.

நீல விளக்குப் பொறி, நொச்சிச் செடி, கொசுவர்த்திச் சுருள் மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். கொசு தேடி வருவது நம் மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் வாடையையும், நீல வெளிச்சத்தை அல்ல. அமெரிக்காவின் டெலவேரில் 1996இல் மின் விளக்குப் பொறிகளில் விழுந்ததை எண்ணிப் பார்த்தார்கள்: 13,789 பூச்சிகளில் கடிக்கும் வகை வெறும் 31. நொச்சியைச் சென்னை மாநகராட்சியே வீடுகளுக்குக் கொடுத்ததுண்டு. இலையை மூட்டமாகப் போட்டால் கொசு கொஞ்ச நேரம் விலகும். செடி சும்மா நின்றால் கொசு அதன் நிழலில் இளைப்பாறும், அவ்வளவுதான். சுருள் ஒன்று எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடுவதற்குச் சமம் என்கிறது 2003இல் வந்த ஓர் ஆய்வு.

மிச்சம் செப்டிக் டேங்க். மற்றதெல்லாம் செய்த பிறகும் ராத்திரிக் கடி நிற்காமல் இருந்ததற்கு இதுதான் காரணம். மூடி இல்லாத உறிஞ்சு குழிகளில் தெர்மாகோல் மணிகளைக் கொட்டி மிதக்கவிடும் முறை ஒன்று உண்டு. புழு மேலே வந்து மூச்சுவிட முடியாது, கொசு முட்டையிடவும் இடமிருக்காது. ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில் செய்து பார்த்தார்கள், நம் திருக்கோவிலூர் பக்கத்துக் கிராமங்களிலும் யானைக்கால் தடுப்புக்காகச் செய்தார்கள். மணிகள் பல வருடம் மிதக்கும். ஆனால் மழையில் குழி நிரம்பி வழிகிற மனையில் அத்தனையும் தெருவுக்கு வந்துவிடும். எங்கள் மனை அந்த ரகம். அதனால் செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் வாயில் நைலான் வலையை இரண்டாக மடித்து, சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டினேன். ஆன செலவு ஐம்பது ரூபாய்கூட இல்லை. மறுநாள் இருட்டும் நேரத்தில் டார்ச் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிப் பார்த்தேன். வலைக்கு உள்பக்கம் கறுப்பாக, அப்பியது போல, கொசு.