ஈசிஆர் பக்கம் ஃபிடில் லீஃப் வாங்கப் போறீங்களா, முதல்ல தண்டைப் புடிச்சு அசைச்சுப் பாருங்க

பாண்டில செடிப் பைத்தியம் புடிச்சவங்க, அதுலயும் ஃபைகஸ் (ஆல், அத்தி ஜாதிச் செடி) பைத்தியம் புடிச்சவங்க இதை ஒருதரம் படிச்சிடுங்க. ஃபிடில் லீஃப்னு, வயலின் மாதிரி பெரிய இலை விடுற ஒரு ஃபைகஸ் செடி வாங்கி எனக்கு 2,800 ரூபா போச்சு, அது கூட போய்த்தொலையுதுன்னு விட்டுடுவேன், ஆனா நான்தான் தண்ணி ஊத்தி சாகடிச்சுட்டேன்னு நெனச்சு மூணு வாரம் அழாத குறையா சுத்துனேன் பாருங்க, அதுதான் இன்னும் வயிறு எரியுது.

வீடு லாஸ்பேட்டைல. ஹால்ல கிழக்கு ஜன்னலோரம் ஒரு மூலை ரொம்ப நாளா காலியா இருந்துது. ரப்பர் செடி ரெண்டு ஏற்கனவே இருக்கு, மேகாலயால வேரை வளைச்சு விட்டு பாலம் ஆக்குறாங்களே அதே மரம்தான், நம்ம நாட்டு சரக்கு, பத்து நாள் ஊருக்குப் போயிட்டு வந்தாலும் அப்படியே நிக்கும். ஃபிடில் லீஃப் அப்படி இல்ல, மேற்கு ஆப்பிரிக்கா காட்டுச் செடி, வெளிச்சம் கொஞ்சம் கம்மியானா மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கும். தெரிஞ்சும் ஆசை விடல. ஈசிஆர்ல போறப்ப ஒரு நர்சரில (பேர் போடல, கேக்காதீங்க) நாலரை அடி உயரத்துல ஒண்ணு நின்னுது, வெள்ளை பீங்கான் தொட்டி, மேல வெள்ளைக் கூழாங்கல்லு, பதினோரு இலை, ஒவ்வொண்ணும் பாலீஷ் போட்ட ஷூ மாதிரி மின்னுது. நான் அங்கயே விழுந்துட்டேன்.

"ஹாலந்து மதர் பிளான்ட்லேர்ந்து எடுத்ததுக்கா, ரெண்டு வருஷமா இதே தொட்டிலதான் வளருது"ன்னான் நர்சரிக்காரன். பில் கேட்டதுக்கு "பில் போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சேரும்க்கா, உங்களுக்குத்தான் நஷ்டம்"னு சொன்னான், நானும் மண்டையை ஆட்டிட்டு ஜிபே பண்ணிட்டேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரியுது செடிக்கு ஜிஎஸ்டியே கிடையாது, தொட்டிக்குத்தான் உண்டு. வண்டில ஏத்துறப்ப கூட தொட்டியைக் கொழந்தை மாதிரி புடிச்சுக்கிட்டு, "அசைக்காதீங்க, ஒரு மாசம் தொட்டி மாத்தாதீங்க, ஃபைகஸ் ஜாதி இடம் மாறுனா இலை கொட்டும், பயப்படாதீங்க"ன்னு அவ்ளோ அக்கறையா சொன்னான். அக்கறைன்னுதான் நெனச்சேன்.

இங்கதான் ஆளு கெட்டிக்காரன். இடம் மாறுனா இலை கொட்டும்ங்கறது பொய்யில்ல. பெஞ்சமினா (சின்ன இலை ஃபைகஸ்) வளர்த்தவங்களுக்குத் தெரியும், இந்த ரூம்லேர்ந்து அந்த ரூமுக்கு வெச்சாலே பாதி இலையை உதிர்த்துடும். அதனால நாலாவது நாளே இலை தொங்க ஆரம்பிச்சப்ப நான் சந்தேகமே படல. ஆனா இடம் மாறுன செடி இலையை ஒண்ணொண்ணா மஞ்சளாக்கியோ பச்சையாவோ கீழ போடும், தண்டு மட்டும் கல்லு மாதிரி நிக்கும், நுனியில அந்த பழுப்பு உறைக்குள்ள மொட்டு உயிரோட இருக்கும். இதுல அப்படி இல்ல, எல்லா இலையும் ஒரே நேரத்துல, நனைஞ்ச துணி மாதிரி, காம்போட தொங்குது. கொட்டவே இல்ல. ஜன்னலை விட்டு நகர்த்தினேன், திரும்ப வெச்சேன், தண்ணி குறைச்சேன், கூட்டினேன். போன் பண்ணா "ஓவரா தண்ணி ஊத்திட்டீங்கக்கா"ன்னு ஒரே பாட்டு. மூணாவது வாரம் தண்டுல தோல் லேசா சுருங்குது, ரொம்ப நாள் தண்ணில ஊறுன விரல் மாதிரி.

அந்த ஞாயித்துக்கெழமை மாமனார் பண்ருட்டிலேர்ந்து வந்திருந்தார். பலாத்தோப்பு வெச்சிருக்கிறவர், பலா, அத்தி, ஆலு எல்லாம் பால் வர்ற ஒரே குடும்பம்னு அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்ல. காபி டம்ளரைக் கீழ வெச்சுட்டு வந்து தண்டோட அடியில நகத்தால ஒரு கீறு கீறினார், பச்சை தெரியுது, பால் வரல. "இன்னாம்மா இது, பாலே வரல"ன்னு தண்டைப் புடிச்சு லேசா இழுத்தார். சாம்பார்லேர்ந்து கரண்டி வர்ற மாதிரி வந்துடுச்சு.

வேர் இல்ல. ஒரு நூல் கூட இல்ல. அடியில கத்தியால சரிவா வெட்டுன வாய், அதுல பால் வழிஞ்சு காஞ்சு பழுப்புப் பிசினா ஒட்டிக்கிட்டு இருக்கு. ஆடாம நிக்கறதுக்கு சுத்தி ரெண்டு மூங்கில் குச்சியை மண்ணுக்குள்ள புதைச்சு சணல் போட்டுக் கட்டிருக்கான், அதை மறைக்கத்தான் கூழாங்கல்லு. தொட்டிக்குக் கீழ்ப்பாதி முழுக்க தேங்கா மட்டை. மாமா சிரிச்சுட்டார், "முருங்கைப் போத்து நட்ட மாதிரி நட்டிருக்கான்மா, இதுக்குப் போயி 2,800 ரூபாயா"ன்னார்.

போத்து, அதாவது கிளையை வெட்டி அப்படியே நட்டு வெச்சா கிளுவை வரும், பூவரசு வரும், முருங்கை வரும், வேலியோரம் நம்ம ஊர்ல எல்லாரும் பண்றதுதான். ஃபிடில் லீஃப்லயும் துண்டு வெச்சு வேர் புடிக்க வைக்கலாம், ஆனா அதுக்கு ஒரு இலை ரெண்டு இலையோட சின்னத் துண்டா இருக்கணும், மாசக்கணக்குல காத்திருக்கணும். பெரிய கிளைன்னா மரத்துல இருக்கறப்பவே பட்டையைச் சுத்தி எடுத்துட்டு ஈரப்பாசி வெச்சு பிளாஸ்டிக் சுத்தி விண்பதியன் போட்டு, வேர் வந்தப்புறம் வெட்டணும். இவன் பதினோரு இலையோட கிளையை ஒடிச்சு அப்படியே சொருகிட்டான். நம்ம ஊர் கடல் காத்துல ஈரம் ஜாஸ்தி, அதனால ரெண்டு மூணு நாளைக்கு வாடாம நிக்கும், அதுக்குள்ள வித்துடலாம். இதே கத்திரி வெயில்லன்னா அன்னைக்கு சாயங்காலமே தெரிஞ்சிருக்கும்.

திரும்பப் போயி கேட்டேன். "நீங்க தொட்டி மாத்தும்போது வேர் அறுந்திருக்கும்"னான். அறுந்த வேர் எங்கப்பா, தொட்டிக்குள்ள தேடிக் குடுன்னா பதில் இல்ல. பில் இல்லாததால நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போட்டாலும் ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் கையில. அது போதும்னு சிலபேர் சொல்றாங்க, நான் இன்னும் போடல, சோம்பேறித்தனம்தான்.

வாங்கறப்ப தொட்டியைத் தூக்கி அடி ஓட்டையைப் பாருங்க, ரெண்டு வருஷத்துச் செடின்னா அங்க ஒரு வேராவது எட்டிப் பாக்கும். கூழாங்கல்லை விலக்கச் சொல்லுங்க. தண்டைப் புடிச்சு லேசா ஆட்டுனா மண்ணும் சேந்து ஆடணும், தண்டு மட்டும் ஆடுச்சுன்னா கெளம்பிடுங்க. "அதெல்லாம் தொடக்கூடாதுக்கா"ன்னு பதறுனா அதுவே பதில்.

நுனிப்பக்கம் மட்டும் கொஞ்சம் உயிர் இருந்துது. அரை அடி அரை அடியா மூணு துண்டு போட்டேன், வழிஞ்ச கொஞ்சப் பாலைத் தண்ணில கழுவி (கையுறை போடுங்க, எனக்கு மணிக்கட்டு முழுக்க அரிப்பு, வீட்ல பூனை நாய் இருந்தா கிட்ட விடாதீங்க), இலையைப் பாதியா நறுக்கி, வேர் புடிக்க வைக்கிற பவுடர் தொட்டு கோகோபீட்ல (தேங்கா நார்த்தூள்) நட்டு, மேல பிளாஸ்டிக் கவர் கவுத்து வெயில் படாத வெளிச்சத்துல வெச்சேன். ரெண்டு அழுகிடுச்சு. மிச்சம் இருந்த ஒண்ணு மட்டும், ரெண்டு மாசம் கழிச்சு நுனியில உறை பிரிஞ்சு கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு இலை விட்டிருக்கு. அந்த வெள்ளைத் தொட்டில இப்ப மாமா கறிவேப்பிலை வெச்சுட்டார்.

உங்க வீட்லயும் புதுசா வாங்குன ஃபிடில் லீஃப் இதே மாதிரி மொத்தமா தொங்குதுன்னா இன்னைக்கே இழுத்துப் பாருங்க, தண்டு சுருங்கி நுனியும் காஞ்சுட்டா துண்டு போடக்கூட ஒண்ணும் மிஞ்சாது.