பாரிசுக்குப் பார்சல் அனுப்புற ஹரோ கடை, என்ர ரிவ்யூ

லண்டன் ஹரோவில எங்கட ஆக்கள் நடத்துற இந்தப் பார்சல் கடையில நான் 2014ல இருந்து அனுப்பிக்கொண்டு வாறன். அக்கா குடும்பம் பாரிசில, தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பலுக்குக் கிட்ட. போன மாசம் அக்காவின்ர மகளுக்குப் பிள்ளை பிறந்தது, அதுக்குப் பிள்ளை பெத்தவைக்குச் சமைச்சுக் குடுக்கிற சரக்குத்தூள், நான் வறுத்து இடிச்ச மிளகாய்த்தூள், ஒடியல் மா, பிள்ளைக்கு ரெண்டு சட்டை எண்டு எட்டுக் கிலோ அனுப்பினனான். ஆறாம் நாள் போய்ச் சேர்ந்திட்டுது, ஒரு சாமானும் குறையேல்ல, ஒரு சதம் கஸ்டம்ஸ் காசும் அக்காட்டக் கேக்கேல்ல. பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறின (பிரெக்சிற்) பிறகு இது பெரிய விசயம், அதான் எழுதுறன்.

கடைக்கார அண்ணை நீங்க ஒட்டிக்கொண்டு போற பெட்டியை அப்பிடியே வாங்கமாட்டார். மேசையில வைச்சு ரேப்பை வெட்டி ஒவ்வொண்டா வெளியில எடுப்பார். நான் அடியில ஒரு கட்டுக் கறிவேப்பிலையும் சின்ன நெய்ப் போத்தில் ஒண்டும் வைச்சிருந்தனான், அங்க சரியான விலை எண்டு அக்கா கேட்டவா. அண்ணை கறிவேப்பிலையைத் தூக்கிப் பார்த்திட்டு "தங்கச்சி, இது ரெண்டும் போகாது, இதால முழுப் பெட்டியும் நிண்டிடும், பிறகு அந்தப் பிள்ளைக்குச் சரக்கும் இல்லாமப் போகும்" எண்டு சொல்லி தனிய ஒரு பையில போட்டுக் கையில தந்தார். பச்சை இலை எண்டா சான்றிதழ் வேணும், பால் சாமான், இறைச்சி அறவே ஏலாது. பிறகு பக்கத்தில இருந்து கஸ்டம்ஸ் ஃபோம் (படிவம்) நிரப்பினார், ஒவ்வொரு சாமானுக்கும் பேர், நிறை, பெறுமதி. சொந்தக்காரருக்கு அனுப்புற கிஃப்ட் 45 யூரோவுக்கு மேல போனா அங்க வற் (VAT) வரி வரும், அதுக்காக விலையைக் குறைச்சு எழுதி மாட்டுப்படாதேங்கோ எண்டும் சொன்னவர். இவ்வளவுக்கும் தனிக் காசு எடுக்கேல்ல.

முந்தி இதெல்லாம் இருந்ததே? வெள்ளி இரவு வான் வெளிக்கிடும், டோவரில கப்பல் ஏறும், ஞாயிறு காலமை அக்கா போய் எடுப்பா. ஃபோம் இல்லை, கேள்வி இல்லை, நெய்யும் போகும் கருவேப்பிலையும் போகும். விலையும் முந்தினதில ரெண்டு மடங்குக்கு மேல வந்திட்டுது, அது எனக்கு நோகுது, ஆனா அந்தக் காசு ஆற்ற பொக்கெற்றுக்குப் போகுதெண்டு தெரியும், கஸ்டம்ஸ் வேலைக்கு ஆள் வைக்காம அவரால இனி ஒரு பெட்டியும் அனுப்பேலாது.

எனக்குக் கோவம் அரசாங்கத்தில. வெளியேறுறதோ இல்லையோ எண்டு வோட்டுப் போட்டது 2016 ஜூன் 23, எங்கட ஆக்களிலயே கன பேர் வெளியேறத்தான் போட்டவை, அவையளை நான் பிழை சொல்லேல்ல, சனம் முடிவெடுத்தா அதை வடிவாச் செய்து முடிக்கிறது அரசாங்கத்தின்ர வேலை. வெளியேறுற நாள் 2019 மார்ச் 29 எண்டவை, பிறகு ஏப்ரல் 12 எண்டவை, பிறகு ஒக்டோபர் 31 எண்டவை, கடைசியா 2020 ஜனவரி 31. அப்ப பிரதமரா இருந்த தெரேசா மேயின்ர வெளியேறுற ஒப்பந்தம் பார்லிமெண்டில 432க்கு 202 எண்டு தோத்தது, அதையே திருப்பித் திருப்பி மூண்டு தரம் கொண்டுவந்து மூண்டு தரமும் தோத்தவா. கப்பலே இல்லாத கம்பனிக்கு 13.8 மில்லியன் பவுண்ஸுக்குக் கப்பல் ஒப்பந்தம் குடுத்தவை. அவவுக்குப் பிறகு பொரிஸ் ஜோன்சன் பிரதமரா வந்து பஸ் ஸ்டாண்ட் எல்லாம் "ரெடியாகுங்கோ" எண்டு விளம்பரம் ஒட்டினவர், 46 மில்லியன் பவுண்ஸ் அதுக்கு மட்டும் போனது, என்னத்துக்கு ரெடியாகிறது எண்டு அந்த விளம்பரத்தைப் பார்த்து ஆருக்கும் விளங்கேல்ல. ஐரோப்பாவோட வியாபார ஒப்பந்தம் வந்தது 2020 டிசம்பர் 24, பழைய முறை முடியிறது 31. ஆயிரம் பக்கத்துக்கு மேல, பார்லிமெண்டில ஒரே நாளில பாஸ் பண்ணினவை. நாலரை வருசம் இழுத்திட்டு இந்தக் கடை மாதிரிச் சின்னத் தொழில் செய்யிறவைக்குக் குடுத்தது ஒரு கிழமை, அதுவும் நத்தார்க் கிழமை!

அந்தத் தைப்பொங்கலுக்கு அவசரமெண்டு நான் வேற ஒரு பெரிய கூரியரில அனுப்பினனான். பெட்டி மூண்டு கிழமை எங்கயோ கிடந்து, ஒரு பக்கம் நைஞ்சு, ஸ்டிக்கர் ஒட்டித் திரும்பி வந்தது. ஃபோன் எடுத்துக் கேட்டா அந்தப் பெடியனுக்கே என்ன ஃபோம் எண்டு தெரியேல்ல, பாவம் அவனில பிழை இல்லை, அவனுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது? கொரோனா நேரம், நேரில போகவும் ஏலாது, பிள்ளையளின்ர பொங்கல் சட்டை எல்லாம் அதுக்குள்ள. நான் அண்டைக்கு இருந்து அழுதனான். அப்பத்தான் இங்க இருந்து போன லொறிக்காரரிட்ட, இறைச்சி கொண்டுவரேலாது எண்டு ஹொலண்ட் கஸ்டம்ஸ் சாண்ட்விச்சையே பறிச்சதை டிவில காட்டினவை.

இன்னும் ஒண்டு. ஐரோப்பாக்காரர் 2021 ஜனவரி முதலாம் திகதியே செக்கிங்கைத் தொடங்கிட்டினம், இங்க எங்கட அரசாங்கம் தன்ர பக்கச் சாப்பாட்டுச் சாமான் செக்கிங்கைத் தள்ளித் தள்ளி 2024லதான் தொடங்கினது. இங்கத்தைய ஆள் ஃபோமும் காசுமா அலைய, அங்க இருந்து சாப்பாட்டுச் சாமான் லேசா வந்து இறங்கினது. துறைமுகங்களில காசு செலவழிச்சுக் கட்டின செக்கிங் கட்டிடங்கள் சும்மா பூட்டிக் கிடந்தது. பிறகு 2025 மே மாசம் அப்பத்தைய பிரதமர் ஸ்டார்மர் ஐரோப்பாவோட இருந்து கதைச்சு, சாப்பாட்டுச் சாமான் செக்கிங்கைக் குறைக்க ஒத்துக்கொண்டவை, அதை முதலே செய்திருக்கேலாதா? எத்தினை சின்னக் கடையள் இதுக்குள்ள ஐரோப்பாவுக்கு அனுப்புறதையே விட்டிட்டுது.

இந்த அண்ணை விடேல்ல. 2021 முழுக்க இரவிரவா இருந்து படிச்சனான் எண்டு சொன்னவர், சுவரில என்ன போகும் என்ன போகாது எண்டு தமிழில தன்ர கையால எழுதி ஒட்டியிருக்கிறார், அரசாங்கம் எங்களுக்குச் சொல்லவேண்டினதை அந்த ஒரு பேப்பரில பார்க்கலாம்.

குறை எண்டா, கடை சின்னன், சனிக்கிழமை பின்னேரம் போனா ஒரு மணித்தியாலம் நிக்கவேணும், கார் விட இடமில்லை. சாமான் லிஸ்ட்டை விலையோட வீட்டிலயே எழுதிக்கொண்டு போங்கோ, பெட்டியை ஒட்டாமக் கொண்டுபோங்கோ.