21, 35, 42: ரத்தப் பையில் எந்தத் திரவம்?

ரத்ததானத்துக்குப் படுக்கும்போது பையைப் பாருங்கள். ரத்தம் இறங்கும் முன்பே அடியில் கொஞ்சம் தெளிந்த திரவம் கிடக்கும். சிபிடிஏ-1 (CPDA-1) என்ற வகைத் திரவம் கொண்ட 350 மி.லி. பையில் அது 49 மி.லி. கால்சியத்தைப் பிடித்துவைத்து உறைதலைத் தடுப்பது அதிலுள்ள சிட்ரேட். ரத்தம் எடுக்கும் பையின் திரவம் எதுவானாலும் சிட்ரேட் உண்டு; கூட என்ன சேர்கிறது என்பதில்தான் ரத்தத்தின் தரமும், அது எத்தனை நாள் (21, 35, 42) தாங்கும் என்பதும் மாறுகிறது.

ஏசிடி (ACD) என்ற பழைய திரவம் 1943-ல் லூட்டிட், மாலிசன் என்ற மருத்துவர்கள் இருவரும் கொண்டுவந்தது. அதில் ரத்தம் 21 நாள் தாங்கும். ஆனால் அமிலம் அதிகம் என்பதால் சிவப்பணுவிலுள்ள 2,3-டிபிஜி என்ற வேதிப்பொருள் சீக்கிரமே வற்றிவிடும். அது குறைந்தால் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், திசுக்களுக்கு எளிதில் விடாது. அமிலத்தைக் குறைத்து பாஸ்பேட் சேர்த்த அடுத்த திரவமான சிபிடி (CPD), டிபிஜியை இன்னும் ஒரு வாரம் போலக் காப்பாற்றியது. நாள் கணக்கு மட்டும் அதே 21.

இன்றைய போட்டி சிபிடிஏ-1க்கும் எஸ்ஏஜிஎம் (SAGM) என்ற திரவத்துக்கும்தான். முன்னதில் அடினின் என்ற பொருள் சேர்ந்ததால் அணுக்களுக்கு ஆற்றல் தரும் ஏடிபி நீடித்து, ஆயுள் 35 நாளானது. எஸ்ஏஜிஎம் தனியாக உறைதலைத் தடுக்காது. சிபிடியில் எடுத்த ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்த பிறகு, சிவப்பணுக்களோடு சேர்ப்பது அது. 42 நாள் வரும். அதிலுள்ள மானிட்டால் அணுக்கள் உடைவதைக் குறைக்கிறது. சிபிடிஏ-1 பையில் அணுக்களுக்குத் தீனியாகக் கொஞ்சம் பிளாஸ்மாவை விட்டுவைக்க வேண்டும். எஸ்ஏஜிஎம்மில் வேண்டாம், பிளாஸ்மா கிட்டத்தட்ட முழுக்க இன்னொரு நோயாளிக்குப் போகும். ரத்தமும் கெட்டியில்லாமல் ஊசியில் சரசரவென இறங்கும்.

அதனால் கூறு பிரிக்கும் வசதியுள்ள ரத்த வங்கிக்கு எஸ்ஏஜிஎம்தான் என்பேன். முழு ரத்தமாகவே கொடுக்கும் சின்ன மையத்துக்கு சிபிடிஏ-1 போதும்.

ஆனால் 42 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஏற்றிய 24 மணி நேரத்துக்குப் பின் சிவப்பணுக்களில் 75 சதவீதமாவது உடலில் ஓட வேண்டும் என்பதே கெடு நாளுக்கான முக்கிய அளவுகோல். இரண்டிலுமே டிபிஜி இரண்டாவது வாரத்துக்குள் பெரும்பாலும் போய்விடும். பெரியவர்களுக்கு ஏற்றினால் ஓரிரு நாளில் அது மீண்டும் ஊறிவிடுவதால், பெரும்பாலும் கவலையில்லை. குளிரில் அணுவிலிருந்து கசியும் பொட்டாசியமும் நாளுக்கு நாள் கூடும். மஞ்சள் காமாலைக்காக ரத்தம் மாற்றப்படும் பச்சிளம் குழந்தைக்கு அது ஆபத்து. அங்கே எந்தத் திரவம் என்பதோடு எடுத்து எத்தனை நாள் என்பதையும் கேட்டே ஆக வேண்டும். ஒரு வாரத்துக்கு உட்பட்ட பைதான் நல்லது.

இன்னொன்று, திரவம் எதுவானாலும் ரத்தம் இறங்க இறங்கப் பையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டாவிட்டால் உள்ளே கட்டி கட்டும், அந்தப் பையைத் தூக்கிப்போட வேண்டியதுதான். பாதியில் நின்றுபோன பையிலோ ரத்தத்துக்கு மிஞ்சிய சிட்ரேட் இருக்கும், அதிலும் தரம் அடிபடும்.