வீட்டில் கட்டிய விமானத்துக்கு இருக்கை உறை: ஒன்பது வருட அனுபவம்

நானே கட்டிய இரண்டு இருக்கை விமானம் பறக்க ஆரம்பித்து ஒன்பது வருடம் முடிந்துவிட்டது. 600 மணி நேரத்துக்கு மேல் அதில் உட்கார்ந்திருக்கிறேன். இதற்குள் இருக்கைகளுக்கு இரண்டு முறை உறை தைத்தாகிவிட்டது. முதல் உறை இரண்டரை வருடம்தான் தாங்கியது. இரண்டாவது ஆறரை வருடமாக இருக்கிறது, இன்னும் இருக்கும். துணி தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டு உறைகளின் கதை பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதல் தடவை ரெக்சின் எடுத்தேன். அடர் சாம்பல் நிறம், கார் சீட்டுக்குப் போடுகிற வகை. சாம்பிளைத் தடவிப் பார்த்தபோது மெத்தென்று இருந்தது. ஈரத்துணியால் துடைத்தால் அழுக்கு போய்விடும், தைப்பதும் சுலபம். விமானத்தில் பொருத்திய அன்று பார்க்க மிக அழகாகவே இருந்தது.

என்னுடையது இறக்கை கீழே இருக்கும் வகை. மேலே குமிழ் போல அக்ரிலிக் கேனபி, அதாவது உட்காரும் இடத்தை மூடும் கண்ணாடி போன்ற மூடி. வெயிலில் நிறுத்தினால் உள்ளே புகுந்த சூடு வெளியே போவதில்லை. ஒரு மதியம் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து, அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்தேன். தொடை ஒட்டிக்கொண்டு சிவந்துவிட்டது. அதன் பிறகு துண்டு விரிக்காமல் உட்கார்ந்ததில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கேனபியின் உட்புறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று படிய ஆரம்பித்தது. துடைத்தால் போகும், இரண்டு வாரத்தில் திரும்ப வரும். எங்கிருந்து வருகிறது என்று பல நாள் புரியவில்லை. கடைசியில் பார்த்தால் ரெக்சினிலிருந்துதான். ரெக்சின் என்பது துணி மேல் பூசிய பி.வி.சி. பிளாஸ்டிக். பி.வி.சி. இயல்பிலேயே விறைப்பானது. அதை வளைய வைக்க பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் மாதிரியான பொருளைக் கலக்கிறார்கள். வெயில் சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, சூடு தணிந்ததும் கேனபியில் போய்ப் படிகிறது. மாலை நேரத்தில் சூரியனைப் பார்த்து இறங்கும்போது அந்தப் படலம் முழுக்க வெள்ளையாக மின்னும், ஓடுபாதை மங்கிவிடும். அப்படி ஒரு மாலையில் தரையிறங்கி எஞ்சினை நிறுத்தியபோதே இந்த உறையை மாற்றுவது என்று முடிவெடுத்துவிட்டேன்.

எண்ணெய் வெளியேறிய ரெக்சின் மறுபடி மென்மையாவதில்லை. முன் ஓரத்தில் தையலை ஒட்டியே வெடித்தது. இந்த மாதிரி விமானத்தில் ஏற வேண்டுமானால் இருக்கையின் மேல் கால் வைத்துத்தான் இறங்கி உட்கார வேண்டும். முழு உடல் எடையும் ஒரு குதிகால் அளவு இடத்தில் விழும். கார் சீட்டுக்கு அந்த வேலை கிடையாது.

பழைய குஷனைத் தூக்கியபோது அடியில் அலுமினியத் தட்டில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பொடி பூத்திருந்தது. விரலால் தேய்த்தேன், கீழே சிறு சிறு குழிகள். கேனபி ரப்பர் வழியாக எப்போதோ மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஃபோம் அதை உறிஞ்சிக்கொண்டது, மேலே ரெக்சின் மூடியிருந்ததால் காயவே இல்லை. மேலே பார்த்தால் எல்லாம் சுத்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதைச் சுரண்டி, பிரைமர் அடித்து, திரும்பப் பூட்டினேன்.

அன்றைக்கே மிச்சமிருந்த ரெக்சின் துண்டு ஒன்றைத் திறந்த வெளியில் கொளுத்திப் பார்த்தேன், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு. விற்றவர் தீப்பிடிக்காத ரகம் என்று சொல்லித்தான் கொடுத்தார். நெருப்பை எடுத்த பிறகும் எரிந்தது. உருகிச் சொட்டிய துளிகள் தரையில் விழுந்தும் எரிந்துகொண்டிருந்தன. எரியும் பி.வி.சி. ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளிவிடும், கண்ணையும் தொண்டையையும் அடைத்துவிடும். வீடாக இருந்தால் ஓடி வெளியே வரலாம். காக்பிட்டில் அந்தப் புகையோடு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தரையிறக்க வேண்டும். அந்தத் துளிகளைப் பார்த்த பிறகு வண்ணத்தைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

இங்கே அளவுகோல்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதில்தான் ஏமாறுகிறோம். கார் துணிகளில் '302 தரம்' என்று போட்டிருப்பார்கள். அது அமெரிக்க வாகன விதி. துணியைப் படுக்கையாக வைத்துக் கொளுத்தினால் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக்கூடாது என்கிறது. அதாவது எரியலாம், மெதுவாக எரிந்தால் போதும். ஓரமாக நிறுத்தி இறங்கிவிடலாம் என்ற கணக்கு. பெரிய விமானங்களுக்கான அமெரிக்க விதி 25.853 வேறு மாதிரி. துணியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு 12 நொடி நெருப்பு காட்டுகிறார்கள். எடுத்த பிறகு 15 நொடிக்குள் அணைய வேண்டும், கருகிய நீளம் 20 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது, சொட்டும் துளியும் 5 நொடிக்குள் அணைய வேண்டும். தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும் என்பதால் இந்தச் செங்குத்துச் சோதனை பல மடங்கு கடினம். 1984-ல் அமெரிக்காவில் குஷனுக்கென்றே தனிச் சோதனை வந்தது. ஃபோமும் உறையும் சேர்ந்த முழு இருக்கையை எண்ணெய் பர்னரின் முன் 2 நிமிடம் வைத்து, எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இழக்கக்கூடாது என்றார்கள். வீட்டில் கட்டும் சிறு விமானத்துக்கு இதெல்லாம் பெரும்பாலும் கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதாலேயே நாம்தான் கவனிக்க வேண்டும்.

சரி, இரண்டாவது தடவை என்ன செய்தேன் என்றால், ஐந்து வகைச் சாம்பிள் வாங்கினேன்: தோல், பாலியூரித்தேன் செயற்கைத் தோல், பாலியெஸ்டர், காட்டன் கேன்வாஸ், கம்பளி கலந்த நெசவு. ஒவ்வொன்றிலும் 20-க்கு 25 சென்டிமீட்டர் துண்டு வெட்டிச் சமையலறைத் தராசில் நிறுத்தேன். 20-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் எடை கிடைத்துவிடும். தோல் 900 கிராம் வந்தது, கம்பளி 420. பழைய ரெக்சின் 720. இரண்டு இருக்கைக்கும் சேர்த்து மூன்று சதுர மீட்டருக்கு மேல் தேவைப்படும். தோலுக்கும் கம்பளிக்கும் வித்தியாசம் ஒன்றரைக் கிலோ. கட்டும்போது ஒவ்வொரு நட்டிலும் போல்ட்டிலும் கிராம் கிராமாகக் குறைத்தவர்களுக்கு ஒன்றரைக் கிலோ என்பது என்னவென்று தெரியும்.

எடை பார்த்த துண்டுகளில் பாதியைக் கேனபியின் கீழே ஒரு கோடைக்காலம் முழுவதும் போட்டு வைத்தேன். அப்புறம் நனைத்தேன், காய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தேன். கடைசியில் கொளுத்தினேன். காட்டன் சரசரவென்று எரிந்து முடிந்தது. தீத்தடுப்புத் திரவம் தெளித்த இன்னொரு காட்டன் துண்டு முதலில் தேறியது, ஒரு தடவை அலசிய பிறகு அதுவும் எரிந்தது. பாலியெஸ்டர் சுருங்கி உருகியது. உருகிய பிளாஸ்டிக் உடம்பில் ஒட்டினால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. உண்மைத் தோல் சுருண்டு புகைந்தது, ஆனால் தீயை ஏந்தவில்லை. கம்பளிதான் என் மனதை மாற்றியது. நெருப்பு பட்ட இடம் கருகி நுரைத்தது, நெருப்பை எடுத்ததும் இரண்டு மூன்று நொடியில் தானாக அணைந்தது. சொட்டவே இல்லை. கம்பளியில் நைட்ரஜனும் ஈரப்பதமும் அதிகம், 570 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் தீப்பிடிக்கும். இது மருந்து அடித்து வந்த குணம் இல்லை, இழையிலேயே இருப்பது.

ஆக, உட்காரும் இடமும் முதுகும் வெளிர் சாம்பல் கம்பளி நெசவு. கால் வைக்கும் முன் ஓரத்துக்கும் பக்கவாட்டுக்கும் பாலியூரித்தேன் தோல். அதில் பிளாஸ்டிசைசர் இல்லை, அதனால் படலமும் இல்லை. உறைக்கும் ஃபோமுக்கும் நடுவில் தீயைத் தடுக்க மெல்லிய அராமிட் ஃபெல்ட் (தீ தாங்கும் செயற்கை இழையை அழுத்திச் செய்த துணி) ஒரு அடுக்கு. சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு சயனைடு வாயுவும் வரும் என்பதால் இந்த அடுக்கை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள்.

ஃபோமைப் பற்றித் தனியாகவே எழுதலாம். முதலில் போட்டது நான்கு அங்குலச் சாதாரண ஃபோம். உட்கார்ந்தால் சொகுசு, ஒரு மணி நேரம் போனால் இடுப்பு எலும்பு தட்டில் இடிக்கும். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. விமானம் தரையில் மோதும்போது இருக்கைத் தட்டு நின்றுவிடும், உடல் மட்டும் மென்மையான ஃபோமுக்குள் அதே வேகத்தில் இறங்கும், அடியில் போய் இடிக்கும்போது முதுகெலும்பு வாங்குகிற அடி பெரிதாகிவிடும். இப்போது இருப்பது மூன்று அங்குலம்: அடியில் தண்ணீர் குடிக்காத மூடிய அறை ஃபோம், மேலே இரண்டு அடுக்கு மெமரி ஃபோம். 1960-களில் நாசாவின் ஆய்வில் விமான இருக்கைக்காகவே பிறந்த பொருள் அது. மெதுவாக அமுக்கினால் இளகும், திடீரென்று அடித்தால் விறைத்து நிற்கும். குளிரான காலையில் முதல் பத்து நிமிடம் பலகை மாதிரி இருக்கும், உடல் சூடு ஏறியதும் சரியாகிவிடும். ஓர் அங்குலம் குறைந்ததால் தலைக்கும் கேனபிக்கும் நடுவே இடமும் கிடைத்தது.

தைத்துக் கொடுத்தவரிடம் ஓரத்தில் தையலை இன்னும் நெருக்கமாகப் போடச் சொன்னேன். "வேண்டாம் சார், நெருக்கமா ஓட்டை போட்டா தபால் தலை மாதிரி கிழிஞ்சிடும்" என்றார். ஆறரை வருடத்தில் ஒரு தையல்கூடக் கிழியவில்லை. நூல் பாலியெஸ்டர். நைலான் வெயிலில் சீக்கிரம் வலுவிழக்கும். குஷன் முன்னால் நகர்ந்து ஸ்டிக்கை (விமானத்தை இயக்கும் கைப்பிடியை) தடுத்துவிடாதபடி அடியிலும் பின்னாலும் வெல்க்ரோ வைத்தோம். இருக்கையில் இருக்கும் பையை மூட அவர் காந்தப் பொத்தான் வைக்கப் பார்த்தார். காம்பஸ் பக்கத்தில் காந்தம் ஆகாது என்று சொல்லி ஜிப்பாக மாற்றினேன்.

இன்றைய நிலை இதுதான். வெயிலில் நின்ற விமானத்தில் நேராக உட்கார முடிகிறது. கேனபியில் படலம் இல்லை. வருடாந்திரப் பரிசோதனையில் குஷனைத் தூக்கும்போது தட்டு காய்ந்திருக்கிறது. வியர்வையைக் கம்பளி வாங்கி விட்டுவிடுகிறது, ஆனால் சிந்திய காபியின் கறை ஒன்று போகவே இல்லை. துடைத்தால் போக வேண்டும் என்பதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் கம்பளி உங்களுக்குச் சரிவராது. இடது இருக்கையில் பெல்ட் பக்கிள் உரசும் இடத்தில், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு, நெசவு மெலிந்திருக்கிறது. அதே ரோலிலிருந்து அப்போதே ஒரு மீட்டர் கூடுதலாக வாங்கி இருட்டில் சுருட்டி வைத்திருக்கிறேன். அதிலிருந்து ஒரு கீற்றை வெட்டி மறுபடி கொளுத்திப் பார்த்துவிட்டு, அடுத்த பரிசோதனையின்போது அந்த ஒரு பகுதியை மட்டும் மாற்றப் போகிறேன்.