8,500 ரூபாய் பெய்ட்காஸ்டிங் ரீல்: குளத்திலும் கழிமுகத்திலும் ஓராண்டு

சென்ற ஆனி மாதம் 8,500 ரூபாய் கொடுத்து ஒரு பெய்ட்காஸ்டிங் ரீல் (தூண்டில் நூலைச் சுற்றி வைத்து வீசும் கருவிகளில் ஒரு வகை) வாங்கினேன். 3,000 ரூபாய்க்குள் கிடைக்கும் ரீல்களுக்கும் 20,000 ரூபாயைத் தாண்டும் ஜப்பானிய ரீல்களுக்கும் நடுவில் இருக்கும் இந்த விலையில்தான் நம் பக்கத்துத் தூண்டில்காரர்கள் பலர் தங்கள் முதல் நல்ல ரீலை வாங்குகிறார்கள். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணமாகவே அது பெரும்பாலும் இருப்பதால், அந்தப் பணத்துக்கு இந்த ரீல் தகுதியானதா என்பதை ஓராண்டு முழுவதும் பயன்படுத்திய பிறகே எழுதுவது என்று காத்திருந்தேன். நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. என்னிடம் இருப்பது ஒரே ஒரு ரீல். அதில் கண்ட குறைகளை ஒரு நிறுவனத்தின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது. தவிர, இந்த விலையில் வரும் ரீல்களின் உள்ளமைப்பு ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானது. எனவே வேறு பெயர் பொறித்த ரீலை வாங்க நினைப்பவருக்கும் இந்த அனுபவம் உதவும் என்று நம்புகிறேன்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் கொடுக்கும் பணத்தை, நூல் சுற்றும் உருளையான ஸ்பூலிலும் பல்சக்கரங்களிலும் நேர்மையாகச் செலவிட்டிருக்கிறார்கள். பெட்டியைத் திறந்து பார்ப்பவரின் கண்ணுக்குப் படாத சிறு பாகங்களில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். நன்னீரில் மட்டும் தூண்டில் போடுபவருக்கு இந்த மிச்சம் தெரியவே தெரியாது. உப்புத் தண்ணீருக்குப் போகிறவருக்கு நான்கே மாதத்தில் தெரிந்துவிடும்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தவை இவை: 6+1 பேரிங் (ஆறு குண்டுப் பேரிங், கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் உருளைப் பேரிங் ஒன்று), 7.2:1 பல்விகிதம் (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் 7.2 சுற்று), 5 கிலோ டிராக் (மீன் இழுக்கும்போது நூலை அறவிடாமல் நழுவவிடும் தடை), 205 கிராம் எடை. வீட்டுத் தராசில் 207 கிராம் காட்டியது. பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். 18+1 என்று அச்சிட்ட 3,000 ரூபாய் ரீல் ஒன்றை இதற்கு முன் இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தேன்; அதன் ஸ்பூலை விரலால் சுண்டிவிட்டால் மணல் அரைபடுவதுபோல ஓசை வரும். வீச்சின் தூரத்தையும் சுற்றுவதன் மென்மையையும் தீர்மானிப்பவை ஸ்பூலின் இரு முனைகளிலும், அதைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியனிலும் இருக்கும் மூன்று பேரிங்குகளே. இந்த ரீலில் அந்த மூன்றும் தரமானவை. பக்கமூடியைக் கழற்றி ஸ்பூலை எடுத்து வெளிச்சத்தில் சுழற்றிப் பார்த்தேன். விளிம்பில் ஆட்டம் சிறிதும் இல்லை. இந்தச் சமச்சீர்தான் விலை குறைந்த ரீலுக்கும் இதற்கும் உள்ள முதல் வேறுபாடு.

பெய்ட்காஸ்டிங் ரீலில் வீசும்போது ஸ்பூலே சுழன்று நூலை விடுகிறது. இரை காற்றில் வேகம் இழந்த பிறகும் ஸ்பூல் பழைய வேகத்திலேயே சுழன்றுகொண்டிருந்தால், வெளியே போக வழியில்லாத நூல் ஸ்பூலின் மேல் எழும்பிச் சிக்காகிவிடும்; இதைத்தான் பேக்லாஷ் என்கிறோம். அதைத் தடுக்க இருவகை பிரேக்குகள் உண்டு. மையவிலக்கு பிரேக்கில் சிறு எடைகள் வெளிப்புறமாக விலகி ஒரு வளையத்தில் உரசுகின்றன. அவற்றின் தடை சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், வீச்சின் தொடக்கத்தில் வலுவாகப் பிடித்துவிட்டு வேகம் குறைந்ததும் ஏறக்குறைய விலகிக்கொள்ளும். காந்த பிரேக்கில் உரசல் கிடையாது. காந்தங்களின் அருகே சுழலும் உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டமே தடையாகிறது. அது வேகத்துக்கு நேர்விகிதமாக இருப்பதால் வீச்சின் கடைசிப் பகுதியிலும் ஓரளவு பிடிமானம் மிஞ்சுகிறது. என் ரீலில் இருப்பது காந்த பிரேக். வெளியே 0 முதல் 10 வரை எண்ணிட்ட திருகு.

இந்த வேறுபாட்டை நான் உணர்ந்தது ஆடிக் காற்றில். செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் தென்மேற்குக் காற்று அடித்து வரும் மாதங்களில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் மேற்கே பார்த்து வீசுவதைப் போலக் கடினமான சோதனை எந்த ரீலுக்கும் கிடையாது. வற்றிக் கிடந்த ஒரு குளத்துக்குள் அளவு நாடாவை விரித்து, காற்று எழாத விடியற்காலையில் ஒவ்வோர் எடைக்கும் பத்து வீச்சு வீதம் வீசி அளந்தேன். 14 கிராம் எடை சராசரியாக 43 மீட்டர் போனது. 10 கிராம் 35 மீட்டர். 7 கிராம் 24 மீட்டர். 5 கிராமை இந்த ரீலில் வீசுவது வீண்வேலை. அதற்கு எடை குறைந்த, ஆழமில்லாத ஸ்பூல் கொண்ட தனி வகை ரீல்கள் இருக்கின்றன. அன்று மதியமே எதிர்க்காற்றில் 14 கிராமை வீசியபோது, திருகு 4இல் இருந்த பத்து வீச்சுகளில் நான்கு சிக்கின. 7இல் வைத்த பிறகு ஒன்றுகூடச் சிக்கவில்லை, தூரம் மட்டும் 29 மீட்டராகச் சுருங்கியது. அந்தக் காற்றில் 29 மீட்டர் நல்ல தூரம்தான் என்பது என் எண்ணம்.

ஆனால் அந்தத் திருகின் எண்கள் எல்லாம் சமமாக வேலை செய்யவில்லை. 0 முதல் 3 வரை எவ்வளவு திருப்பினாலும் மாற்றம் தெரிவதில்லை. 8க்கு மேலே ஒவ்வோர் எண்ணும் வீச்சை வெட்டிப் போடுகிறது. பயன்படுவது நடுவில் உள்ள நான்கைந்து எண்களே. உடன் தந்த கையேட்டிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. புதிதாக வாங்குபவர் முதலில் கைப்பிடிப் பக்கம் இருக்கும் சிறு குமிழைத் திருகி, கட்டிய இரை தானாக மெல்ல இறங்கித் தரையைத் தொட்ட கணத்தில் ஸ்பூல் நிற்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். பிரேக்கை 7இல் வைத்துப் பழக வேண்டும். கட்டை விரலுக்குப் பழக்கம் வர வர ஒவ்வோர் எண்ணாகக் குறைத்துக்கொள்ளலாம். எனக்கு இதற்கு மூன்று வாரம் பிடித்தது. பழைய ரீலில் இரண்டு ஆண்டுகளாகியும் அந்த நிலை வரவில்லை. அதை எந்த அமைப்பில் வைத்தாலும் நேற்று நடந்தது இன்று நடக்காது. ஒரே அமைப்புக்கு ஒரே பலனைத் தினமும் தருவதுதான் இந்த ரீலிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம்.

பல்சக்கரங்களைப் பற்றியும் நிறைவாகவே சொல்லலாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இவ்வகை ரீலுக்கு முன்னோடியைச் செய்தவர்கள் கடிகாரம் செய்பவர்களும் வெள்ளிக் கொல்லர்களும்தான். பின்னாளில் பெயர்பெற்ற ஸ்வீடனின் ஆபு நிறுவனமும் 1921இல் கடிகார வேலையோடுதான் தொடங்கியது. பல்லோடு பல் இடைவெளியின்றிப் பொருந்தும் அந்தக் கடிகார நுணுக்கத்தை, கைப்பிடியைச் சுற்றும்போது விரல் நுனியில் உணர முடிகிறது. 34 மி.மீ. விட்டமுள்ள நிறைந்த ஸ்பூலும் 7.2:1 விகிதமும் சேர்ந்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 77 செ.மீ. நூல் வர வேண்டும். அளந்ததில் அவ்வளவே வந்தது. 40 மீட்டர் நூல் வெளியே போன பிறகு 73 செ.மீ. விரால் அடிக்கும் தூண்டில்காரருக்கு இந்த வேகம் அவசியம். அல்லிக்கொடிக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவே ரப்பர் தவளையைக் கவ்விய விரால், முள் பாய்ந்த நொடியே கொடிக்குள் தலையைப் புதைத்துவிடும். அதற்கு முன் தளர்ந்த நூலைச் சுற்றி எடுத்து மீனின் தலையை மேலே தூக்க வேண்டும். தையிலிருந்து பங்குனிவரை ஸ்ரீவைகுண்டத்தைச் சுற்றியுள்ள குளங்களில் இருபது நாளுக்கு மேல் வீசியதில், கொடியோடு சேர்த்து இழுத்து வந்த மீன்கள்தான் அதிகம். ஒருமுறைகூடச் சக்கரம் வழுக்கவில்லை. (செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்ப்பரப்பில் மிதக்கும் இடத்தில் காவல் நிற்கும் தாய், தந்தை விராலை நோக்கி வீசுவது எளிது, தயவுசெய்து வீசாதீர்கள். பெற்ற மீன் போனால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.)

நூல் சுற்றும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பின்னிய இழைகளால் ஆன பிரெய்டு நூலை வழவழப்பான அலுமினிய ஸ்பூலில் நேரடியாகச் சுற்றினால், பெரிய மீன் இழுக்கும்போது நூல்சுருள் முழுவதும் ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழலும். டிராக் கெட்டுவிட்டது என்று நினைத்து ரீலைக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். அடியில் சில மீட்டர் சாதாரண நைலான் நரம்பைச் சுற்றி, அதன் மேல் 0.23 மி.மீ. பிரெய்டு 120 மீட்டர் சுற்றினேன். விளிம்புக்கு ஒன்றரை மி.மீ. கீழே நின்றது.

டிராக்கைத் தொங்கு தராசில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். முழுவதும் இறுக்கியபோது 4.6 கிலோவில் நழுவத் தொடங்கியது. பெட்டியில் சொன்ன 5 கிலோ இல்லை, ஆனாலும் 4.6 கிலோவைக் கையில் பிடித்த ராடில் தாங்குவதே கடினம் என்பதால் அதை நான் குறையாக எண்ணவில்லை. முக்கியமானது வேறு. 2 கிலோவுக்கு அமைத்தபோது, நின்ற நிலையிலிருந்து நழுவத் தொடங்க 2.2 கிலோ தேவைப்பட்டது. நழுவத் தொடங்கியபின் 1.9இல் சீராக ஓடியது. அந்தத் தொடக்க உதறல் குறைவாக இருந்தால்தான் மீன் திடீரென்று பாயும்போது நூல் அறாமல் பிழைக்கும். நூல் வெளியேற வெளியேற ஸ்பூலின் விட்டம் சுருங்குவதால், டிராக் திருகைத் தொடாமலே தடை கூடிக்கொண்டு போகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். விட்டம் 34 மி.மீ.இலிருந்து 30 மி.மீ. ஆகும்போது 2 கிலோ ஏறத்தாழ 2¼ கிலோவாகிவிடும். மாசி மாதத்தில் தாமிரபரணி கடலோடு சேரும் புன்னைக்காயல் பக்கத்தில் நான்கு கிலோவுக்குச் சற்று மேலான கொடுவா ஒன்று அடித்தது. இரண்டு முறை தண்ணீருக்கு மேல் எழும்பித் தலையை உதறிவிட்டு, நீரோட்டத்தோடு ஓடி, பாதி ஸ்பூலைக் காலி செய்தது. டிராக் ஓரிடத்திலும் திணறாமல் நூலை விட்டது. இந்த விலைக்கு இதைவிட நல்ல டிராக்கை நான் எதிர்பார்த்திருக்கமாட்டேன்.

மனத்தாங்கல் தொடங்குவது அதே கழிமுகத்தில்தான். கடல்நீருக்கும் ஏற்றது என்று பெட்டியில் எழுதியிருந்ததை நம்பித்தான் வாங்கினேன். ஒவ்வொரு நாளும் வீடு திரும்பியதும் டிராக்கை இறுக்கி, வேகமின்றி ஊற்றிய நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, டிராக்கைத் தளர்த்தி நிழலில் உலர்த்தினேன். அப்படியிருந்தும் நான்காம் மாத முடிவில், நூலை இடமும் வலமும் பரப்பும் லெவல்விண்ட் தடுமாறத் தொடங்கியது. திறந்து பார்த்தேன். லெவல்விண்டை நகர்த்தும் புழுச்சக்கரத் தண்டின் ஒரு முனையில் பேரிங் இருந்தது. மறுமுனையில் பேரிங்குக்குப் பதிலாக வெறும் பிளாஸ்டிக் வளையம், அதாவது புஷ். அந்தப் புஷ்ஷுக்கும் தண்டுக்கும் நடுவே உப்பு உறைந்து, தண்டு அரிக்கத் தொடங்கியிருந்தது. கைப்பிடிக் குமிழ்களின் உள்ளேயும் இதே பிளாஸ்டிக் புஷ்தான்; அவை தேய்ந்து குமிழ்கள் ஆட்டம் கண்டன. சில ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காகச் செய்த இந்த வேலை, மற்றபடி பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய ஒரு கருவியின் ஆயுளைக் குறைக்கிறது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

புழுச்சக்கரத் தண்டு மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்க, ரீல் வாங்கிய கடைக்குப் போனேன். “அண்ணாச்சி, இதுக்குத் தனியாச் சாமான் வராது, புது ரீல்தான் எடுக்கணும்” என்றார்கள். 8,500 ரூபாய்க்கு ஒரு பொருளை விற்பவர்கள், அதன் தேய்மானப் பாகத்தைக் கொடுக்கவும் கடமைப்பட்டவர்கள் என்றே நான் கருதுகிறேன். கடைசியில் தண்டை மென்மையான உப்புத்தாளால் தேய்த்து, புஷ்ஷின் இடத்தில் அளவுக்கேற்ற பேரிங்கைப் பொருத்தி, கடல் ரீல்களுக்கான கிரீஸ் தடவினேன். குமிழ்களுக்கு 4, 7, 2.5 மி.மீ. அளவுள்ள பேரிங்குகள் பொருந்தின. கைப்பிடியைப் பின்னோக்கிச் சுழலவிடாமல் தடுக்கும் உருளைப் பேரிங்கில் மட்டும் கிரீஸ் படக்கூடாது. பட்டால் முள்ளை இறுக்கும் நேரத்தில் கைப்பிடி பின்னால் வழுக்கும். இந்த மாற்றங்களுக்கு எல்லாமாக 900 ரூபாய் ஆனது. அதன்பின் ஐந்து மாதமாகக் கழிமுகத்தில் வீசியும் லெவல்விண்ட் மறுபடி தடுமாறவில்லை.

ஆகவே குளத்திலும் அணைக்கட்டிலும் விரால் தேடிப் போகிறவர் இதை அப்படியே வாங்கிப் பயன்படுத்தலாம். கழிமுகத்துக்குப் போகிறவர் 9,400 ரூபாய் ரீல் என்று கணக்கிட்டு, வாங்கிய வாரமே அந்தப் புஷ்களை மாற்றிவிட வேண்டும். அரிப்பு தொடங்கும்வரை காத்திருக்கக் கூடாது. முதன்முதலாகத் தூண்டில் எடுப்பவருக்கும், ஏழு கிராமுக்குக் குறைந்த இரைகளையே வீசுபவருக்கும் இதே பணத்தில் ஸ்பின்னிங் ரீல் (வீசும்போது ஸ்பூல் சுழலாமல் நிற்கும் வகை) வாங்குவதே நல்லது.

கடையில் பணம் கொடுக்கும் முன் பக்கமூடியைத் திறக்கச் சொல்லி ஸ்பூலைச் சுண்டிப் பாருங்கள். குமிழ்களை இருபுறமும் அசைத்துப் பாருங்கள். புழுச்சக்கரத் தண்டு தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பின்னிங் ரீலில் செய்வதுபோல இதில் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்ட முடியாது.